அணை தாண்டினால் ஏறும் முள்

“வண்டி ஹீட் ஆவுதுண்ணே” என்று யாராவது வந்து நின்றால் உடனே பானெட்டைத் தூக்க மாட்டேன். பட்டறை வாசலில் நிற்கிறபோது அது நல்ல வண்டிதான், தூக்கினாலும் ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் சூடாச்சு, நின்னப்பவா ஓடினப்பவா, எந்த கியர், ஏ.சி. ஓடிச்சா, கடைசியா எப்பத் தண்ணி ஊத்தினீங்க, எவ்வளவு பிடிச்சுது என்று வரிசையாகக் கேட்ட பிறகுதான் கைக்கு ஸ்பேனர் வரும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அம்பாசிடரிலும் மலை ஜீப்பிலும் கை பழகியவர். சூடாகிற வண்டி வந்தால் ஓட்டினவரை முதலில் உட்கார வைத்து டீ சொல்லிவிடுவார். அவர் குடித்து முடிப்பதற்குள் எந்தப் பக்கம் கை வைக்க வேண்டும் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, ஊரைத் தாண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் கோளாறு. ஃபியூஸ், ரிலே, சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் சுவிட்ச், மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன், இவற்றில் ஒன்றாக இருக்கும். உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது ஏறினால் ஃபேனைத் தொட வேண்டியதே இல்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். அப்படியும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் சுற்றி வரவில்லை. தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் வாரத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் காணாமல் போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுவேன். காலையில் பானெட்டைத் திறக்கும்போது ஹோஸ் காற்றை உறிஞ்சிச் சப்பையாகக் கிடந்தால் கோளாறு ரேடியேட்டர் மூடியில். சூடு ஆறும்போது பக்கத்துப் பாட்டிலில் இருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க அந்த மூடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. அது துரு ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

சமதளத்தில் இவை தனித்தனியாகத் தெரியும். மலையில் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, பிறகு ஏற்றம், பெரியார் அருவி, கரியாலூர், வெள்ளிமலை. கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிடிக்கிற பாதை அது. அணை வரைக்கும் நாலாவது கியரில் போன கார் அங்கிருந்து இரண்டாவதுக்கு வந்துவிடும். இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாக நகரும். சூடு நிறைய, காற்று குறைவு. அரவைக் காலமாக இருந்தால் அதற்கு முன்னாலேயே சோதனை ஆரம்பித்துவிடும். கச்சிராயப்பாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டருக்குப் பின்னால், முந்த வழியில்லாமல், ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து வந்த கார் மலையடிவாரத்துக்கு வரும்போதே பாதி தூரம் சூடேறியிருக்கும்.

இந்தப் பக்கம் இன்னும் மாருதி 800 நிறைய ஓடுகிறது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. 2010 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபோது சென்னை உட்பட பதின்மூன்று நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். கள்ளக்குறிச்சி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பெருநகரங்களில் புதிதாக வாங்க முடியாத வண்டியை இங்கே அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வாங்கினார்கள், இன்னும் வைத்திருக்கிறார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர். கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வந்த பிறகு 37 குதிரைத் திறன். ஐந்து பேரும் மூட்டையுமாக ஏறும்போது அந்த இன்ஜின் தன்னிடம் இருப்பது முழுவதையும் கொடுக்கிறது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படும். மிச்சம் சைலன்சர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வெளியேற வேண்டும். இதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்ன ரேடியேட்டர் இத்தனை வருடம் சமாளித்துக்கொண்டிருப்பதே பெரிய விஷயம் என்று தோன்றும்.

மலை மேல் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரின் வண்டியைச் சொல்ல வேண்டும். வெள்ளை 800. கள்ளக்குறிச்சியில் வீடு, மேலே பள்ளிக்கூடம். ஒழுங்காக எண்ணெய் மாற்றி, துடைத்து வைத்திருப்பவர். “தம்பி, அணை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அதத் தாண்டி ரெண்டு வளைவு ஏறினா முள்ளு கிளம்பிடுது. நிறுத்தி வெச்சா இறங்குது. திரும்ப ஏறினா திரும்பக் கிளம்புது” என்றார். அதற்குள் வேறொரு பட்டறையில் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி ஃபேனையும் டைரக்ட் பண்ணியிருந்தார்கள். செலவு நிறைய ஆகியிருந்தது. முள் பழையபடி ஏறிக்கொண்டிருந்தது.

“சார், நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்” என்றேன். ஓட்டுகிற பழக்கத்தையும் பார்க்க வேண்டும். சிலர் மூன்றாவது கியரிலேயே இன்ஜினைத் திணறவிட்டு ஏறுவார்கள், அதுவும் சூடேற்றும். இவர் சரியான இடத்தில் கியரைக் குறைத்தார். சொன்னபடி அணை தாண்டி முள் கிளம்பியது. ஓரங்கட்டச் சொல்லவில்லை, ஹீட்டரைத் திறக்கச் சொன்னேன். நம் ஊர்ப் பக்கம் பாதி வண்டிகளில் ஹீட்டர் குழாயைக் கட் பண்ணி மூடிவிடுவார்கள். மார்கழியில் மலையில் ஏறி இறங்குகிறவர் என்பதால் இவர் வைத்திருந்தார். இன்ஜினில் தண்ணீர் கொதிக்கும் நிலையில் இருந்தால் அந்தத் துவாரத்தில் கை வைக்க முடியாத அளவுக்கு அனல் அடிக்க வேண்டும். வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. சூடு இருக்கிறது, அதைச் சுமந்துகொண்டு போகும் தண்ணீர் நகரவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல துப்பு.

அதற்குப் பிறகு நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தோம். மேல் ஹோஸில் விரல் வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தது. ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஆனால் இது புதுசு. தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும் இப்படி இருக்கும், ஆனால் அதைத்தான் எடுத்துவிட்டார்களே. கீழ் ஹோஸ் உள்ளே சப்பிக்கொள்கிறதா என்று ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை. பெல்ட் நன்றாக இறுகியிருந்தது.

மறுநாள் காலை, வண்டி முழுக்க ஆறியிருந்தபோது மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் உடனே குமிழி வரும், வரவில்லை. மூன்று பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் இறங்குகிற சிலிண்டரின் பிளக் மட்டும் கரி இல்லாமல் கழுவிவிட்டது போல வெளுத்திருக்கும். இங்கே மூன்றும் ஒரே பழுப்பு. திரும்பப் பூட்டி இன்ஜினை வேகமாக ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் எட்டிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே தண்ணீர் அங்கே புரண்டு ஓட வேண்டும். குளத்துத் தண்ணீராக நின்றது.

வாட்டர் பம்ப்தான். ஆனால் அது ஒழுகவில்லை, சத்தம் போடவில்லை, புல்லியை ஆட்டினால் ஆட்டம் இல்லை. பம்ப் கெட்டதற்கு நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் அடையாளம் ஒன்றுகூட இல்லாததால்தான் முன்னால் பார்த்தவர்கள் அதைத் தொடவில்லை. கழற்றி வெளியே எடுத்தபோது ஆசிரியரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தின் இறக்கைகள் கரையான் தின்ற பலகை மாதிரி ஓரமெல்லாம் போய், அடிக்கட்டை மட்டும் நின்றது. விரலால் தேய்த்தால் துருப்பொடி கொட்டியது. தரையில் ஓட்டும்போது அந்த அடிக்கட்டை தள்ளின தண்ணீரே போதுமானதாக இருந்திருக்கிறது. மலை கேட்ட அளவுக்கு அதனால் தள்ள முடியவில்லை.

பம்பை எடுக்க டைமிங் பெல்ட் பக்கம் வரை அவிழ்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போனபின் பழைய டைமிங் பெல்ட்டைத் திரும்பப் பூட்டுவது எனக்குப் பிடிக்காது. இரண்டையும் புதிதாகப் போட்டோம். ஃபேனைப் பழையபடி சுவிட்சில் இணைத்தேன். தெர்மோஸ்டாட் வாங்கி வரச் சொன்னபோதுதான் சார் தயங்கினார். “அது இல்லாட்டி நல்லா கூலா ஓடும்னு சொன்னாங்களே?”

இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடுவது எங்கள் தொழிலில் பரவிப்போன கெட்ட பழக்கம். இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் குளிர்ந்த இன்ஜினே வெகுநேரம் ஓடும். பெட்ரோல் கூடுதலாகப் போகும், எண்ணெயில் ஈரம் சேரும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். மலைக் குளிரில் காலையில் கிளம்புகிற வண்டிக்கு இது இன்னும் மோசம். எல்லாவற்றையும் விட, உண்மையான கோளாறு கொஞ்ச நாள் மறைந்துகொள்ளும். புதுசு வாங்கினாலும் அப்படியே போட மாட்டேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் விடுவேன். அதன் தலையில் 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டி மெழுகு இளகி, நடுவில் இருக்கும் தட்டு மெல்ல மேலே எழும்ப வேண்டும். தண்ணீரை விட்டு எடுத்ததும் திரும்ப மூட வேண்டும். எழும்பாத புதுசும் வந்திருக்கிறது, கடையில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். ஆசிரியர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தட்டு எழும்புவதைப் பார்த்தார், அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை. அடுத்த வாரம் இருவருமாக வெள்ளிமலை வரை ஏறினோம். முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

பம்பின் இறக்கையைத் தின்றது தண்ணீர்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோறு வடித்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு இன்ஜினுக்குள்ளும் படிகிறது. அலுமினிய ஹெட்டையும் இரும்புத் தகட்டையும் அரிக்கிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை உள்ளுக்குள் சுருக்குகிறது. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் டேங்கைச் சூடு காட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஈயம் வைத்துவிடலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அது நடக்காது, மாற்றத்தான் வேண்டும். இவ்வளவுக்கும் காரணம், வழியில் பம்புசெட்டில் பிடித்து ஊற்றிய ஒரு குடம் தண்ணீர். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், நானே ஊற்றச் சொல்வேன். ஆனால் பட்டறைக்கு வந்ததும் அதை முழுக்க இறக்கிவிட்டு, கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்ப வேண்டும். நல்லதுதானே என்று கூலன்டை மட்டும் முழுசாக ஊற்றுகிறவர்களும் உண்டு. தனிக் கூலன்ட் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. துருவைத் தடுக்க அதில் சேர்த்திருக்கும் மருந்தும் இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும்.

சாலையில் காயும் தானியத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை சமயத்தில் மக்காச்சோளம், கேழ்வரகு, சாமை எல்லாம் தார்ச்சாலையில்தான் காய்கிறது. மேலே ஓடுகிற வண்டி தூசியையும் உமியையும் வாங்கி முன்பக்கத்தில் அடைத்துக்கொள்ளும். ஏ.சி. வண்டியில் ஏ.சி.யின் கண்டன்சர் முன்னாலும் ரேடியேட்டர் பின்னாலும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் உமி மெத்தையாகச் சேரும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஒரு டார்ச்சை இன்ஜின் பக்கமிருந்து அடித்து முன்னால் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழுவுவதும் உள்ளிருந்து வெளியே, தண்ணீரை மெதுவாக விட்டு. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடெல்லாம் மடங்கி, இருந்த வழியும் அடைத்துவிடும்.

முள்ளை நம்பிக் கெட்ட குடும்பம் ஒன்றும் உண்டு. கரியாலூர் கோடை விழாவுக்குப் போய் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முள் சிவப்பைத் தொட்டது, கொஞ்ச நேரத்தில் தானாகக் கீழே வந்தது. ஆறிவிட்டது என்று நினைத்து ஊர் வரை ஓட்டி வந்துவிட்டார்கள். சூட்டைப் பார்க்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க வெளியே போனபின் அது வெறும் ஆவியில் நிற்கும், முள் இறங்கும். அந்த நேரத்தில் இன்ஜின் அழிந்துகொண்டிருக்கும். அந்த வண்டியின் ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டத்தை வைத்து ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. அதைவிடப் பல மடங்கு தடித்த தகடு தாராளமாக நுழைந்தது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி, புது கேஸ்கட் போட்டு, போல்டுகளை நடுவிலிருந்து வெளியே, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக டார்க் ரெஞ்சில் இறுக்கி முடித்தோம். ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டிருந்தால் முடிந்திருக்கும் செலவு.

அதனால் மலைக்குப் போகிறவர்களிடம் கிளம்புமுன்னேயே சொல்லிவிடுகிறேன். முள் பாதியைத் தாண்டியதும் ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். அப்படியும் ஏறினால் வளைவு இல்லாத அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு முள் இறங்குகிறதா பாருங்கள். ஆவி பறந்தால் உடனே அணையுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். அதன் மேல் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறைத் தாண்டி ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூவாயிரம் அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியைத் திருகிய நொடியில் உள்ளே இருப்பது எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாகி முகத்துக்கு வரும். அப்படி மார்பும் கழுத்தும் வெந்துபோனவரை மலை மேல் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸை அழுத்தினால் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதன் பிறகு ஈரச் சாக்கை மூடி மேல் போட்டு, கால் சுற்று திருகி நிறுத்தி, சீறல் அடங்கியதும் முழுசாகத் திறக்கலாம். தண்ணீரை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காய்ந்த ஹெட்டில் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்தால் அது வெடிக்கும்.

இறங்கும்போது சூடாகும் என்று பயந்து இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. கியரில் இருக்கிற இன்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அது இல்லையென்றால் முழு பாரமும் பிரேக்குக்குப் போய், நாலு வளைவுக்குள் பிரேக் காய்ந்து பிடி விட்டுவிடும். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு. தண்ணீர் இருக்கிறவரை இரண்டாவது கியரில் விட்டால் தானாகவே ஆறிக்கொண்டு வரும். தண்ணீர் நிற்கவே இல்லை, ஊற்ற ஊற்ற ஒழுகுகிறது என்றால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போன் பண்ணுங்கள். பையன்களை ஜீப்பில் அனுப்பிவிடுகிறேன்.